தவுச்சான் கல்லறைக்கு வருகிறவர்கள் கேட்பவை: பர்மாப் போரும் நம்மவர்களும்

சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் ரங்கூனுக்கு வருகிற தமிழர்கள் ஷ்வேடகோன் பகோடாவையும் காளி கோயிலையும் பார்த்து முடித்ததும், "எங்க தாத்தா இங்க சண்டையில இருந்தாராம்" என்று ஆரம்பிப்பார்கள். இரண்டாம் உலகப்போரைச் சொல்கிறார்கள். ரங்கூனுக்கு வடக்கே அந்தப் போரில் இறந்தவர்களுக்கான தவுச்சான் கல்லறைக்குப் போகும்போது கேள்விகள் வரும். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஆளுக்குக் கொஞ்சமாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று இதை எழுதுகிறேன். பழக்கத்தில் பர்மா, ரங்கூன் என்றுதான் எனக்கு வரும். நீங்கள் மியன்மார், யாங்கோன் என்று படித்துக்கொள்ளுங்கள்.

நீங்களே போரில் இருந்தவரா?

இல்லை. இருந்தவர் என் தாத்தா, அம்மாவின் அப்பா. அவருடைய அப்பா வட ஆற்காட்டிலிருந்து நெல் அறுவடை வேலைக்கு வந்து பெகு பக்கம் தங்கிவிட்டவர். தாத்தா பிறந்தது இங்கேதான். 1942இல் ஜப்பானியர் வந்தபோது நடந்தே இந்தியா போனார். போன இடத்தில் பெங்களூரில் மதராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்தார். பாதை போடுவது, பாலம் கட்டுவது, கண்ணிவெடி தேடி எடுப்பது அவர்கள் வேலை. அந்தப் படைக்காரர்களை ராணுவம் முழுக்க 'தம்பி' என்றே கூப்பிடுவார்கள், இன்றுவரை. 1944இல் படையோடு பர்மாவுக்குத் திரும்பினார். போர் முடிந்து விடுவித்த பிறகு ரயில்வே பணிமனையில் ஃபிட்டர் வேலை.

வயதான காலத்தில் அவர் அதிகம் பேசியது என்னிடம். பேரப்பிள்ளைகளில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்பது ஒரு காரணம். கீழே அவர் சொன்னதும் இருக்கும், நான் படித்துத் தெரிந்துகொண்டதும் இருக்கும். எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

தமிழர்கள் எந்தப் பக்கம் நின்று சண்டை போட்டார்கள்?

எல்லாப் பக்கமும். வருகிறவர்களுக்கு முதலில் குழப்பமாக இருப்பது இதுதான்.

பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் மதராஸ் ரெஜிமென்ட், மதராஸ் சாப்பர்ஸ் என்று தமிழர்கள் இருந்தார்கள். ஜெனரல் ஸ்லிம் தலைமையில் இங்கே போரிட்ட பதினான்காவது ராணுவத்தில் பெரும்பகுதி இந்தியர்கள்தான். எதிர்ப்பக்கம், ஜப்பானியரோடு சேர்ந்து வந்த நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் (ஐ.என்.ஏ.). அதில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில், பர்மாவிலேயே சேர்ந்தவர்கள் வேறு. ஜான்சி ராணிப் படையில் கேப்டன் லட்சுமியின் கீழ் இருந்த பெண்களிலும் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் நிறைய. மூன்றாவதாக, கையில் துப்பாக்கியே இல்லாத ஒரு கூட்டம்: சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் போட்ட மரண ரயில் பாதைக்கு ஓட்டிக்கொண்டு போகப்பட்டவர்கள். அவர்களைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

கொள்கையைப் பார்த்துப் பக்கம் எடுத்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தைப் பார்க்கும்போது, நிறையப் பேருக்குப் பக்கத்தை முடிவு செய்தது 1942 தொடக்கத்தில் ஊரைவிட்டுப் போக முடிந்ததா இல்லையா என்பதுதான் என்று தோன்றுகிறது. போக முடிந்தவன் அங்கே போய் பசிக்கு வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்தான். போக முடியாமல் நின்றவன் 1943க்கு அப்புறம் நேதாஜி பேச்சைக் கேட்டு ஐ.என்.ஏ.வில் சேர்ந்தான். தாத்தா முதல் வகை. பாட்டியின் அண்ணன் இரண்டாவது வகை.

1942 நடைப்பயணம் என்கிறார்களே, அது என்ன?

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது. 1942 மார்ச் 8இல் நகரமே ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. போருக்கு முன் ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் போனார்கள். மற்றவர்கள் நடந்தார்கள். ஒரு வழி ப்ரோமிலிருந்து மலையைத் தாண்டி அரக்கான் கரை. இன்னொன்று சிந்த்வின் ஆற்றைத் தாண்டி, தமு வழியாக இம்பால். மூன்றாவது வடக்கே ஹுகாவுங் பள்ளத்தாக்கு, மழைக்காலத்தில் அதில் மாட்டிக்கொண்டவர்கள் கதி ரொம்ப மோசம். மொத்தத்தில் நாலைந்து லட்சம் பேர் இந்தியாவுக்குப் போயிருப்பார்கள் என்கிறார்கள். வழியில் காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்கு ஒழுங்கான கணக்கு இல்லை. பல்லாயிரம் என்று மட்டும் சொல்லலாம். வெள்ளைக்காரருக்கு நல்ல வழி, நமக்குக் கெட்ட வழி என்று பிரித்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு அப்போதே இந்தியாவில் பெரிதாக எழுந்தது.

தாத்தா தமு வழியாகப் போனார். அவருடைய தங்கை அந்த வழியில் இறந்துபோனாள். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

தவுச்சான் கல்லறையில் தமிழர் பெயர்கள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. ஆங்கிலப் பலகையில் தவுக்கியான் என்று எழுத்துக் கூட்டியிருப்பார்கள். உள்ளூரில் தவுச்சான் என்றால்தான் டாக்சிக்காரருக்குப் புரியும். ரங்கூனிலிருந்து ப்யே சாலையில் வடக்கே முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

1951இல் இதை ஆரம்பித்தார்கள். அக்யாப், மண்டலே, மெய்க்டிலா, சமா ஆகிய இடங்களில் போர்க்களத்துக்குப் பக்கத்தில் புதைத்திருந்தவர்களை எடுத்து வந்து இங்கே சேர்த்தார்கள். இரண்டாம் உலகப்போரில் இறந்த 6,374 பேருக்கு இங்கே கல்லறை இருக்கிறது. அதில் 867 பேர் யார் என்றே தெரியாது. நடுவில் நீளமாகத் தூண் வரிசையோடு நிற்பது ரங்கூன் நினைவுச் சின்னம், 1958இல் திறந்தது. உடலே கிடைக்காத சுமார் 27,000 பேரின் பெயர்கள் அந்தத் தூண்களில் படைவாரியாக வெட்டப்பட்டிருக்கின்றன. நம்மவர்களைத் தேட வேண்டியது அங்கேதான். தங்கள் மத வழக்கப்படி எரிக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தனி நினைவுச் சின்னம் அதே வளாகத்தில் இருக்கிறது, அதையும் பாருங்கள். நிறையப் பேர் புல்வெளியில் கல்லறைப் பட்டயங்களை மட்டும் சுற்றிவிட்டு, "எல்லாம் வெள்ளைக்காரன் பேருங்க" என்று கிளம்பிவிடுகிறார்கள். தூண்களுக்குப் பக்கத்தில் போய்த் தலையைத் தூக்கிப் படித்தால் முத்துசாமியும் பெருமாளும் அந்தோணியும் அப்துல்லும் கிடைப்பார்கள்.

சுதந்திர மனிதர் எல்லோருக்காகவும் இறந்தார்கள் என்று அங்கே ஐந்து மொழிகளில் எழுதியிருக்கிறது: ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகி எழுத்தில் பஞ்சாபி. தமிழ் இல்லை. வருகிறவர்கள் இதைக் கண்டதும் கோபப்படுகிறார்கள், படம் எடுத்து அனுப்புகிறார்கள். நியாயமான கோபம்தான். தாத்தாவுக்கு அதைவிட அந்த வாசகத்தின் மேல்தான் குறை. "எந்தச் சுதந்திர மனுஷன்? அன்னைக்கு நானே இன்னொருத்தனுக்கு அடிமைதானே" என்பார். ஆனாலும் அங்கே போகும்போதெல்லாம் செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே நடப்பார். யாரும் அப்படிச் செய்யச் சொல்வதில்லை.

என் தாத்தா பெயரை எப்படித் தேடுவது?

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம், இலவசம். வீட்டிலிருந்தே செய்துவிட்டு வாருங்கள். வந்து நின்று 27,000 பெயர்களில் தேடுவது நடக்காத காரியம்.

சில விஷயங்கள் தெரிந்திருந்தால் நேரம் மிச்சம். எழுத்துக் கூட்டலை நம்பாதீர்கள். சேர்த்துக்கொண்ட குமாஸ்தா காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதியிருப்பார். கோவிந்தசாமிக்கு மூன்று நான்கு விதம் போட்டுப் பாருங்கள். இனிஷியல் பெரும்பாலும் இருக்காது. கல்லில் வெறும் பெயர்தான், ஆனால் பதிவேட்டில் பல பேருக்கு அப்பா பெயர், ஊர், மனைவி பெயர் இருக்கும். ஊர்ப் பெயரெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துப் பெயர்: திரிச்சினாபொலி, டாஞ்சூர், ராம்நாட், நார்த் ஆற்காட். இன்றைய மாவட்டப் பெயரைப் போட்டால் ஒன்றும் வராது. பட்டாள எண் தெரிந்தால் அதைவிட நல்லது வேறில்லை. பழைய பென்ஷன் காகிதம், பதக்கத்தின் விளிம்பு இரண்டையும் பாருங்கள், எண் அங்கே இருக்கலாம். இன்னொன்று, அவர் போரில் இறந்திருந்தால்தான் இந்தப் பதிவில் வருவார். உயிரோடு ஊருக்குத் திரும்பி வந்து 1980இல் காலமானவரை இங்கே தேடிப் பயனில்லை. இதைத் தெரியாமல் வந்து ஏமாந்தவர்கள் உண்டு.

என் தாத்தா ஐ.என்.ஏ. அவருக்குக் கல்லறை எங்கே?

இங்கே அரசாங்கம் வைத்துப் பராமரிக்கிற கல்லறை எதுவும் அவர்களுக்கு இல்லை. தவுச்சான் தூண்களில் அவர்கள் பெயர் வராது. அது பிரிட்டிஷ் அரசுக்குச் சேவை செய்தவர்களுக்கானது. சிங்கப்பூரில் ஐ.என்.ஏ.வுக்கு நேதாஜி அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தையும் 1945இல் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் இடித்துவிட்டார்கள்.

ரங்கூன் அந்தப் படைக்குத் தலைமையிடமாக இருந்தது, 1944 தொடக்கத்திலிருந்து. நேதாஜி 1945 ஏப்ரல் 24 அன்று ரங்கூனை விட்டுக் கிளம்பினார். ஜப்பானியரும் கிளம்பிவிட்டார்கள். பிரிட்டிஷ் படை மே 3இல்தான் நகருக்குள் வந்தது. இடையில் கொள்ளை நடக்காமல் நகரத்தைக் காத்தது, பின்தங்கி நிற்கச் சொல்லப்பட்ட ஐ.என்.ஏ. வீரர்கள் சில ஆயிரம் பேர். அவர்களுக்குத் தலைமை மேஜர் ஜெனரல் லோகநாதன், ராணுவ மருத்துவராக இருந்தவர். தோற்றுப்போன படை, சரணடையப் போகிற நேரத்தில், தன்னுடையதல்லாத ஊரைக் காவல் காத்தது. நம்மவர்கள் போர்க்களத்துப் பெருமைகளையே பேசுகிறார்கள். எனக்கு ஐ.என்.ஏ. வரலாற்றில் பிடித்த இடம் அந்தச் சில நாட்கள்தான்.

உங்கள் தாத்தாவும் அவருடைய மச்சானும் எதிரெதிர்ப் படையா? எப்படிச் சம்பந்தம் வைத்துக்கொண்டார்கள்?

இதைக் கேட்காமல் யாரும் போவதில்லை.

மாமாத் தாத்தா, அதாவது பாட்டியின் அண்ணன், 1945 பிப்ரவரியில் பகான் பக்கம் ஐராவதிக் கரையில் ஐ.என்.ஏ.வில் இருந்தார். அந்த மாதம் 14ஆம் தேதி நியாங்-ஊவில் பிரிட்டிஷ் இந்தியப் படை ஆற்றைக் கடந்தது. தாத்தாவின் கம்பெனி அந்தப் பகுதியில் தெப்பம் கட்டிக்கொண்டிருந்தது. ஆகவே ஒருவரையொருவர் பார்த்துச் சுட்டிருப்பார்கள் என்பது எங்கள் வீட்டுக் கதை. பிற்பாடு இரண்டு பேரும் வரைபடம் போட்டுப் பார்த்ததில் ஒரு வாரமோ பத்து நாளோ இடைவெளி இருந்ததாகத் தெரிகிறது. கதை கேட்பவர்களுக்கு அது ஏமாற்றம்தான்.

போர் முடிந்ததும் ஐ.என்.ஏ.காரர்களை விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்று வகையாகப் பிரித்தார்கள். மாமாத் தாத்தா உள்ளூரில் சேர்ந்தவர், சீக்கிரம் விட்டுவிட்டார்கள். 1946இல் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தபோது தாத்தா பெயர் வந்தது. "வெள்ளைக்காரன் சோத்தைத் தின்னவனுக்கா கொடுக்கறது" என்று சொந்தக்காரர்கள் தடுத்தார்கள். மாமாத் தாத்தா நேரில் வந்து தாத்தாவிடம் கேட்டது ஒன்றுதான்: எங்கள் ஆட்கள் சரணடைந்தபோது நீ அடித்தாயா? அடித்தவர்கள் இருந்தார்கள், நான் அடிக்கவில்லை என்றாராம் தாத்தா. கல்யாணம் நடந்தது.

அதற்காகச் சமாதானமாகிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். நாற்பது வருஷம் சண்டை. நேதாஜி ஜப்பானியரை நம்பினது தப்பு என்பார் இவர். நீங்க கட்டின பாலத்து மேலதான் வெள்ளைக்காரன் திரும்பி வந்தான் என்பார் அவர். சண்டை போடும்போதும் "வாங்க, போங்க" மாறாது. என் அம்மா சொல்வார், குரல் ஏறினால்தான் மரியாதையும் ஏறும் என்று. இரண்டு பேரும் கடைசிவரை தன் தரப்பு நியாயத்தை விட்டுக்கொடுக்கவில்லை. மற்றவருடைய செத்துப்போன தோழர்களைப் பற்றி ஒரு வார்த்தை தவறாகப் பேசியதும் இல்லை.

படைக்குள் வேறு நாட்டுக்காரர்களோடு எப்படி இருந்தார்கள்?

தாத்தாவுக்குச் சந்தோஷமாகப் பேச வருகிற ஒரே பகுதி இது. 1944 மழைக்காலத்தில் கபா பள்ளத்தாக்கில் கிழக்கு ஆப்பிரிக்கப் படைப்பிரிவு ஒன்று இறங்கி வந்தது, பதினோராவது டிவிஷன். சேற்றில் லாரி புதைந்து கிடக்கும். மரத்தைச் சாய்த்து, கட்டைகளைக் குறுக்கே அடுக்கி ரோடு போட வேண்டும். ஆப்பிரிக்கர்கள் பாடிக்கொண்டே கட்டை தூக்குவார்களாம். நம்மவர்கள் ஏலேலோ போட, அவர்கள் பதில் பாட, ஒருவர் பாட்டு மற்றவருக்குப் புரியாது, வேலை மட்டும் நடக்கும். முதல் வாரம் அவர்களைப் பார்த்துப் பயந்தார்கள் நம்ம ஆட்கள், கேலியும் செய்தார்கள். தாத்தா அதை மறைக்காமல் சொல்வார். பயம் போனது மலேரியாவில். எல்லோரும் மெபக்ரின் மாத்திரை தின்று மஞ்சளாகிக் கிடந்தபோது யார் எந்த நிறம் என்று பார்க்க என்ன இருந்தது?

அந்த டிசம்பரில் கலேவாவில் சிந்த்வின் ஆற்றின் குறுக்கே மிதக்கும் பெய்லி பாலம் (இரும்புத் துண்டுகளைப் பூட்டிக் கட்டுவது) போட்டார்கள். நீளம் 1,154 அடி. அப்போது உலகத்திலேயே அதுதான் நீளமான பெய்லி பாலம்.

சாப்பாட்டுப் பிரச்சினை தனிக் கதை. இந்துவுக்குத் தனி அடுப்பு, முஸ்லிமுக்குத் தனி அடுப்பு என்று ராணுவம் கவனமாகத்தான் இருந்தது. காட்டுக்குள் போன பிறகு ஒரே அடுப்பு. தாத்தாவுக்கு அதில் வருத்தமில்லை. தினம் கோதுமை மாவு கொடுத்தார்களே, அதுதான் வருத்தம். வெள்ளைக்காரச் சிப்பாய்க்குச் சம்பளம் பல மடங்கு என்பதைக்கூட மறந்துவிடுவார், அந்த ரொட்டியை மறக்க மாட்டார்.

ஜப்பானியரை அவர் வெறுத்தாரா?

போரின்போது, ஆமாம். அவர்களுடைய ராணுவப் போலீஸ் கெம்பெய்தாய் என்று சொன்னாலே ரங்கூனில் கதவு சாத்தும் காலம் அது. ஆனால் இம்பாலில் தோற்று 1944இல் அவர்கள் பின்வாங்கிய தமு பாதையைச் சீர்செய்யப் போனது தாத்தாவின் கம்பெனி. வழியெல்லாம் பிணம். பெரும்பாலானவற்றில் குண்டுக் காயமே இல்லை, பட்டினியும் வயிற்றுப்போக்கும். இரண்டு வருஷத்துக்கு முன் தன் ஜனங்கள் அதே பாதையில் அதே மாதிரி செத்துக் கிடந்ததைப் பார்த்தவர் அவர். "அன்னைக்கோட கோபம் போச்சு, பயமும் போச்சு" என்பார்.

1970களில் ஜப்பானிலிருந்து கூட்டமாக வந்து தங்கள் ஆட்களின் எலும்புகளைத் தேடி எடுத்துப் போனார்கள். பர்மாவுக்கு வந்த சுமார் மூன்று லட்சம் ஜப்பானியரில் பாதிக்கு மேல் திரும்பவில்லை. அந்தக் கூட்டத்தில் வந்த ஒருவருக்குத் தமு பாதையை விசாரிக்க ஆள் தேவைப்பட்டது, ரயில்வேயில் யாரோ தாத்தாவைக் கைகாட்டினார்கள். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை பர்மிய மொழி. சிகரெட் பெட்டி அட்டையில் படம் போட்டே பேசினார்களாம். அவர் எழுந்து நின்று குனிந்து வணங்கினார், தாத்தா கைகூப்பினார்.

இந்தச் சம்பவத்தைச் சொன்னால் வருகிறவர்களுக்கு மனது நெகிழ்ந்துவிடும். தாத்தா நெகிழவில்லை. அவர் சொன்னது: "அவன் ஊருக்குப் போயிட்டான். எப்பவாவது வந்து கும்பிட்டுட்டுப் போறான். அவனை மதிக்கிறதுல எனக்கு என்னடா கஷ்டம்? தினமும் முகம் பார்க்கிற பக்கத்து வீட்டு பர்மாக்காரன்கிட்டதான் கஷ்டம்." இப்போது நினைத்துப் பார்த்தால், அவர் என்னிடம் பேசிய எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் உதவியது இதுதான்.

பர்மியர்கள் ஏன் நம்மைத் துரத்தினார்கள்?

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் இந்தக் கேள்வியைத் தீர்ப்போடு சேர்த்தே கேட்கிறார்கள். 1962இல் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்ததும், 1964இல் கடைகளைத் தேசியமயமாக்கியதும், 50, 100 க்யாட் நோட்டுகளைச் செல்லாது என்றதும், லட்சக்கணக்கான இந்தியர்கள் கையில் ஒன்றுமில்லாமல் கப்பல் ஏறியதும் எல்லோருக்கும் தெரியும். அது அநியாயம், அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. எங்கள் உறவில் பாதிப் பேர் அப்படிப் போனவர்கள்தான். சென்னையில் பர்மா பஜாரில் கடை போட்டவர்களும் உண்டு.

ஆனால் கதையை அங்கே ஆரம்பிக்கக் கூடாது. 1930இல் நெல் விலை சரிந்தது. கடன் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் கடன் கொடுத்தவர்களிடம் போனது. 1938 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார் வட்டிக்கடைகளின் கையில் இருந்தது. செட்டியார்கள் திட்டம் போட்டு நிலம் பிடிக்கவில்லை, அவர்களுக்கு வேண்டியது பணம்தான், நிலம் அவர்களுக்கே சுமை. அதுவும் உண்மை. ஆனால் வரப்பில் நின்று பார்க்கிற பர்மிய விவசாயிக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? வெள்ளைக்காரனோடு வந்தவன் என் நிலத்தை எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான். 1930லும் 1938லும் நடந்த கலவரங்களில் செத்தவர்களில் நிறையப் பேர் கூலிகள். வட்டிக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே கிடையாது.

தாத்தா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பர்மியர் குடியிருந்தார். அவருடைய அப்பா நிலம் அப்படிப் போனதுதான். அண்ணன் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பவில்லை. 1964இல் மாமாத் தாத்தாவின் மளிகைக் கடையை எடுத்துக்கொண்டபோது அந்த மனிதர் தாத்தாவிடம், "எங்க அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும்னு இப்ப உங்களுக்குத் தெரியும்" என்றார். தாத்தாவுக்கு வந்த கோபத்தில் பேச்சே நின்றுபோனது, வருஷக்கணக்கில். பக்கத்துப் பக்கத்து வாசலில் உட்கார்ந்துகொண்டு இருவரும் தெருவைப் பார்ப்பார்கள்.

பேச்சு எப்படித் திரும்ப ஆரம்பித்தது என்று கேட்டிருக்கிறேன். பெரிதாக ஒன்றுமில்லை, தண்ணீர்க் குழாய் உடைந்தது, தாத்தா ஃபிட்டர். அதற்குப் பிறகு தாத்தா அவரை உட்காரவைத்து, நிலம் போன கதையை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். குறுக்கே பேசாமல் கேட்டார். அப்புறம் தமு பாதையில் போன தங்கையின் கதையை அவரிடம் சொன்னார். எங்களிடம் சொல்லாததை அவரிடம் சொல்லியிருக்கிறார்! "அவன் சொன்னதுல பாதி சரி" என்பார் பிற்பாடு. மீதிப் பாதிக்கு அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

பர்மியர் மதிக்கிற தமிழர் யாராவது உண்டா?

ஊ ரசாக். 1947 ஜூலை 19 அன்று பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சானோடு சுட்டுக் கொல்லப்பட்ட அமைச்சர்களில் ஒருவர். அப்பா தமிழ் முஸ்லிம், போலீஸ் இன்ஸ்பெக்டர். அம்மா பர்மியப் பௌத்தர். மண்டலேயில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். ஜூலை 19 இங்கே தியாகிகள் நாள். ஒவ்வொரு பர்மியக் குழந்தையும் பள்ளியில் அந்தப் பெயரைப் படிக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன், ஒருவருக்கும் தெரிவதில்லை. பர்மிய நண்பரிடம் பேச்சைத் தொடங்க நேதாஜியைவிட ஊ ரசாக் நல்ல வழி.

மரண ரயில் பாதையில் இறந்த தமிழர்களுக்கு நினைவிடம் உண்டா?

அந்தப் பாதை 415 கிலோமீட்டர். சயாமில் பான்போங்கிலிருந்து பர்மாவில் தன்பியூசயாட் வரை. 1943 அக்டோபரில் முடித்தார்கள். போர்க் கைதிகள் சுமார் 60,000 பேரை வேலை வாங்கினார்கள், 12,000க்கு மேல் இறந்தார்கள். ஆசியக் கூலிகள் இரண்டு லட்சம் அளவில் இருந்திருப்பார்கள், இறந்தவர்கள் 90,000 வரை என்று மதிப்பிடுகிறார்கள். அதில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் பெரும் பங்கு. நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என்று ஆசை காட்டிக் கூட்டி வந்தார்கள், பிறகு பிடித்தே இழுத்து வந்தார்கள். பர்மியர்களையும் விடவில்லை. 'வியர்வைப் படை' என்று பெயர் வைத்து ஊர் ஊராக ஆள் பிடித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் அண்ணன் போனது அதில்தான்.

தன்பியூசயாட் போர்க் கல்லறை மோல்மீனுக்குத் தெற்கே இருக்கிறது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலியர் உட்பட 3,149 காமன்வெல்த் வீரர்கள், 621 டச்சுக்காரர்கள். புல்வெளி அவ்வளவு சுத்தமாக இருக்கும். கூலிகளாக வந்தவர்களுக்கு அங்கே வரிசையும் இல்லை, பட்டயமும் இல்லை. ராணுவம் தன் ஆட்களுக்குப் பட்டியல் வைத்திருந்தது. தோட்டக் கூலிக்கு யார் வைத்திருந்தார்கள்? காலரா வந்த முகாமில் மொத்தமாகக் குழியில் தள்ளினார்கள், எரித்தார்கள். மலேசியாவிலிருந்து வந்த ஒரு அம்மா, "எங்க அப்பாவுக்கு எந்தப் பக்கம் திரும்பிக் கும்பிடறது?" என்று என்னைக் கேட்டார். ரயில் பாதை ஓடிய கிழக்குப் பக்கத்தைக் காட்டினேன்.

தவுச்சானில் சூடம் ஏற்றலாமா? திதி கொடுக்கலாமா?

பூ வைக்கலாம், தாராளமாக. சூடம், ஊதுபத்தி வேண்டாம். அங்கே வேலை பார்க்கிறவர்கள் வெட்கப்பட்டுத் தடுக்க மாட்டார்கள், ஆனால் பக்கத்துப் பட்டயம் வேறு மதத்துக்காரருடையது. தர்ப்பணம், பிண்டம் எல்லாம் ரங்கூன் கோயில்களில் ஐயரைக் கேட்டால் செய்துவைப்பார். பெயர் தெரியாதவர்களின் பட்டயத்துக்கும் ஒரு பூ எடுத்துக்கொண்டு போங்கள்.

எப்படிப் போவது, கட்டணம் உண்டா?

கட்டணம் இல்லை. ரங்கூனிலிருந்து பஸ் உண்டு, டாக்சியில் போனால் காத்திருக்கச் சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள். காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் தூண்களுக்கு நடுவே தவிர நிழல் கிடையாது. நவம்பரில் நினைவு ஞாயிறன்று தூதரகத்தார் கூட்டம் இருக்கும், அன்று நிதானமாகப் பெயர் தேட முடியாது. தன்பியூசயாட்டுக்கு இப்போது போகலாமா என்பதை நாட்டு நிலவரம் பார்த்து, உங்கள் தூதரகத்தில் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். இப்போது நடக்கிற சண்டையைப் பற்றி டாக்சிக்காரரிடமோ டீக்கடையிலோ பேச்சுக் கொடுக்காதீர்கள், பதில் சொல்ல முடியாமல் சங்கடப்படுவது அவர்கள்தான்.